இரண்டு விரற்கடை ஊதுபத்தி

குச்சி எரியும்போது வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்ட என் அருமை அத்தானுக்கு,

இப்போது குச்சி எரிந்துகொண்டிருக்கிறது. நான் பேசவில்லை, எழுதத்தான் செய்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உங்கள் நாற்காலியை அக்கா இன்னும் எடுக்க விடவில்லை. நான் வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டிகள் திரும்பி வருகின்றன. மணி என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. நம் வாரப் பத்திரிகையில் உங்கள் கதை வர வேண்டிய இடத்தில் இந்த வாரம் இந்தக் கடிதம் வருகிறது. நான் உங்களுக்குச் செய்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் கதையைப் படித்தவர்களும் அதைக் கேட்கட்டும். அவர்களுக்கும்தான் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. டிராம் வண்டிக்குக் கூட்டம் கூடிப்போச்சு, சாயங்காலம் ஆபீஸிலிருந்து வர நின்றுகொண்டே வருகிறேன். உங்கள் குமாஸ்தா வேலைக்குப் புதுக் கிராணி ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அதையே நாள் பூரா தேடுகிறார். நீங்கள் இருந்தால் அவரை ஒரு அத்தியாயத்துக்குள் இழுத்துப் போட்டிருப்பீர்கள்.

உங்கள் கதையில் வரும் செண்பகத்தைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை அத்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கடிதம் போடுவதை நிறுத்திவிட்ட புருஷனைத் தேடி, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இறங்கியவள். வாரா வாரம் அவளை இந்த ஊர் முழுக்க நடக்க வைத்தீர்களே! கடைசியில் ஒரு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்கள். போன வாரம் தேக்காவில் ஒரு மாட்டு வண்டிக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"ஏங்க கிராணி, அந்தப் பொண்ணு கதவத் தட்டுச்சே, யாரு தொறந்தா? எங்க கொட்டகையில ஒருத்தன் படிக்க நாங்க பத்துப் பேரு கேப்போம். புருஷன்தான்னு அஞ்சு பேரு, செத்துப்போயிட்டான்னு அஞ்சு பேரு. தெனமும் சண்டை."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? ஒரே மேசையில உக்காந்து எழுதுனீங்களாமே!"

கோழி கிளறிய மாதிரி இருக்கும் உங்கள் கையெழுத்தைப் பிரதி எடுப்பவன் நான், அவ்வளவுதான். முடிவு என்ன என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "போடா முந்திரிக்கொட்டை. சொல்லிட்டா அப்புறம் எழுத வராதுடா" என்று சிரிப்பீர்கள்.

அலாரக் கடிகாரம் வாங்கி வந்தீர்களே, நினைவிருக்கிறதா? கவனம் சிதறாமல் எழுத வேண்டும் என்று அதை மேசை நடுவில் வைத்தீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாம் இருவரும் அதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அது அடித்த அடியில் நீங்கள் திடுக்கிட்டு மைக்கூட்டைத் தட்டிவிட்டு, ஒரு பக்கம் முழுக்க நாசம். "ஆபீஸ்லதான் நாள் பூரா மணி பாக்குறோம். வீட்டுலயுமா?" என்று அதை அக்காவின் அடுப்படிக்கு அனுப்பிவிட்டீர்கள்.

பிறகுதான் இந்தக் குச்சி. சீனர் கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் விற்கும் நீள ஊதுபத்தி. ஒன்றைக் கொளுத்தினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் எரியும். பார்க்க வேண்டாம், வாசனையே போதும், நேரம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். எரியும் வரை பேச்சில்லை, எழுந்திருப்பதில்லை. வாயெடுத்தவன் கீழே போய்க் கோப்பி வாங்கி வர வேண்டும். எப்போதும் நான்தான் போனேன்.

குச்சி அணைந்தால் பேனாவை வைத்துவிட வேண்டும் என்பது மற்றொரு சட்டம். வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. "பாதியில நிறுத்துனாத்தான் நாளைக்கு உக்காந்தவுடனே கை ஓடும்" என்பீர்கள். உங்களுக்கு ஓடியது. எனக்குத்தான் அந்தப் பாதி வாக்கியங்களைப் பார்த்தால் இரவெல்லாம் அரிக்கும்.

சரி. சுற்றி வளைத்தது போதும். குச்சி பாதிக்கு வந்துவிட்டது.

போன வருஷக் கடைசியில் உங்கள் இருமல் முற்றியது. டாக்டர் குனிந்து உட்கார்ந்து எழுதக் கூடாது என்றார். நீங்கள் அவருக்கு நம் பத்திரிகையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயாச்சும் அவரச் சீக்கிரம் எழுப்பி விடுடா கோவிந்து. நெஞ்சுக்கூடு தெறிச்சிடும்போல இருமுறாரு" என்றாள். உங்களை யார் எழுப்ப முடியும்? குச்சி அணையாமல் நீங்கள் எழுந்த சரித்திரம் உண்டா?

குச்சி வாங்குவது என் வேலை. வாங்கி வந்ததும் ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு விரற்கடை உடைத்துவிட்டு உங்கள் டப்பாவில் வைத்தேன்.

அவ்வளவுதான் அத்தான் நான் செய்தது. எழுதிவிட்டேன்.

உங்கள் நல்லதுக்கென்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் நீங்கள் ஒருநாள் எழுதிய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குச்சிக்கு மூணு பக்கம் வரும், இப்ப ரெண்டரைகூட வரமாட்டேங்குது. கடை மொதலாளி தவுக்கே குச்சியக் குட்டையாக்கிட்டானோ?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன், "இல்லையே அத்தான், அதே குச்சிதான்." நீங்கள் நம்பினீர்கள். உங்கள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அப்ப என் கைதான் தளந்துபோச்சுடா" என்றீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாள் தவறாமல் வாயடித்த எனக்கு, பேச வேண்டிய அன்று மட்டும் வாய் அடைத்துக்கொண்டது.

கடைசியாக நீங்கள் எழுதிய தாள் இதோ என் முன்னால் இருக்கிறது. "செண்பகம் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து" என்பதோடு நிற்கிறது. குச்சி அணைந்தது, பேனாவை வைத்தீர்கள், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். மறுநாள் காய்ச்சலில் எழுந்திருக்கவில்லை. "முடிச்சிடலாம்டா, குச்சி மட்டும் வாங்கி வை" என்றீர்கள். வாங்கி வந்தேன். பழக்க தோஷம், அவற்றின் நுனியையும் உடைத்தே வைத்தேன். நான்காம் நாள் நீங்கள் இல்லை.

இரண்டு விரற்கடையில் அரைப் பக்கம் எழுதலாம் அத்தான். உள்ளிருந்து யார் வந்தார்கள் என்று சொல்ல ஒரு வரி போதாதா? அந்த வரியை உங்களிடமிருந்து பறித்தவன் நான்.

பத்திரிகை நடத்தும் மரைக்காயர் அண்ணன் அதன்பின் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். நீங்கள் எழுதி வைத்ததெல்லாம் அச்சாகித் தீர்ந்துவிட்டது. "தம்பி, அந்தப் புள்ள எத்தன நாளைக்கி வாசல்ல நிக்கும்? கால் கடுக்காதா? நீங்களே தொறந்து விடுங்க. அவரு நடை ஒங்களுக்குத் தெரியும்" என்றார். நானும் தினமும் உட்கார்ந்தேன். முழுக் குச்சியை வாங்கி, உடைக்காமல் கொளுத்தி உட்கார்ந்தேன். 'உள்ளிருந்து' என்ற சொல்லுக்கு அப்பால் ஒரு புள்ளிகூட வைக்க முடியவில்லை. குச்சிகள் எரிந்து சாம்பல்தான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், முறத்தைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதான் காலையில எழுந்து எழுதுனாரா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கை மெதுவாயிடுச்சு, பக்கம் கொறையுது, காலையிலயும் எழுதுறது கோவிந்துக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவான்னு சொல்லி, ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அடுப்படியில உக்காந்து அரைக்குச்சி எழுதுவாரு. பழைய குச்சி. நீ ஒடைக்கறதுக்கு முன்னாடி வாங்குனது."

ஐயோ அத்தான்! வாரத்துக்கு வேண்டிய பக்கம் எப்போதும் குறையாமல் இருந்ததே. எப்படி என்று ஒருநாளாவது நான் கேட்டேனா? உங்களைச் சீக்கிரம் எழுப்பிவிட்டதாக உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நான் மாலையில் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஓய்வுக்கு மேலேயே காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உழைத்திருக்கிறீர்கள். அதையும் நான் வருத்தப்படக் கூடாது என்று மறைத்திருக்கிறீர்கள். நான் அக்காவின் காலடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அவளும் அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒடைச்சதெல்லாம் எங்கடா?" என்று கேட்டாள்.

சாமிக்கு ஏற்றுகிற பொருள், குப்பையில் போட மனசு வராமல் ஒரு பால் டின்னில் போட்டு வைத்திருந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். டின் நிறைய நுனிகள். அக்கா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு எழுந்துபோய் இந்த மேசையில் உங்கள் சாம்பல் கிண்ணத்தில் ஒரு நுனியை நட்டுக் கொளுத்தினாள்.

"இது அவரு நேரம். நீ எடுத்து வச்சிருந்தது. திருப்பிக் குடு. உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். இரண்டு விரற்கடை எவ்வளவு சீக்கிரம் எரிகிறது! யோசிக்க நேரமில்லை. உங்கள் பாதி வாக்கியத்தை வாய்க்குள் படித்தேன், பேனா தானாக இறங்கியது.

"செண்பகம் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. அவளுக்குத் தெரிந்த இருமல்."

நுனி அணைந்தது, பேனாவை வைத்தேன். நீங்கள் நினைத்து வைத்திருந்த முடிவு இதுதானா? அவன் இருக்கிறானா, அவளுக்காக எழுந்து வருகிறானா? எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது. நான் அந்த வரியை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் உங்கள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வாக்குக் கொடுக்கிறேன் அத்தான். கடைசி அத்தியாயத்தை அந்த டின்னில் இருக்கும் நுனிகளில் மட்டும்தான் எழுதுவேன், ஒன்று விடாமல். அது முழுக்க உங்கள் நேரம், என்னுடையது ஒரு நிமிஷம்கூட அதில் கலக்காது. செண்பகத்தை வாசலில் நிற்க விடமாட்டேன். வண்டிக்காரரிடம் நானே போய்ச் சொல்கிறேன். இனி எந்தக் குச்சியையும் என் கை உடைக்காது.

இதோ, இந்தக் குச்சியில் இன்னும் இரண்டு விரற்கடை இருக்கிறது. எழுத எனக்கு வேறொன்றுமில்லை. பேசாமல் உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன், அணையும் வரை.

கோப்பி வாங்கி வரக் காத்திருக்கும்
உங்கள் முந்திரிக்கொட்டை மைத்துனன்,
கோவிந்து