நீ விட்டுக்கொடுத்த வெள்ளிக்கிழமை

உன்னிடமிருந்த அந்த விண்வெளி நாவலின் மூன்றாம் பாகத்தை இன்று கடையில் வைத்து விரித்தேன். தாள்களில் தைல வாசம் இன்னும் போகவில்லை. போன கிழமை உன் மனைவி நிஹாரா கொண்டுவந்து தந்தாள். "இத ஒங்கள்ட்டக் குடுக்கச் சொன்னவர்" என்றாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் முதலில் வந்தது துக்கமல்ல, சந்தேகம்தான். எல்லாப் புத்தகங்களையும் விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் எனக்குத் தந்தாய்? உன்னோடு பழகி எனக்கும் தொற்றிக்கொண்ட குணம் இது.

நீ மின்சார மீட்டர் வாசிக்கிறவன். மருதமுனை ஒழுங்கைகளில் வீடு வீடாக ஏறி இறங்குவாய். உள்ளே குளிர்சாதனப் பெட்டியும் மோட்டரும் ஓடுகிற சத்தம் கேட்டு, சுவரில் மீட்டர் மட்டும் சோம்பலாகச் சுற்றினால் அந்த வாசலை விட்டு நகரமாட்டாய். நாவல்களையும் அப்படித்தான் வாசித்தாய். ஒரு பாத்திரம் காரணமில்லாமல் சிரித்தால் பக்கத்தை மடித்து வைப்பாய்.

கல்முனையில் விண்வெளி நாவல் வாசிக்கிற சிலர் என் கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கூடத் தொடங்கியது உன்னால்தான். பாண்டிருப்பிலிருந்து தேவகி வங்கி வேலை முடிந்து நேரே ஸ்கூட்டியில் வருவாள். கீழே இருந்து இஞ்சி பிளேன்டீ வரும். எந்த நாவலில் தொடங்கினாலும் கடைசியில் அந்த மருத்துவரிடம்தான் வந்து நிற்போம்.

விண்கலத்தில் நூறாண்டு உறக்கத்தில் கிடக்கும் மனிதர்களைக் காக்கிறவள் அவள். மூன்றாம் பாகத்தின் முடிவில் நோய் பரவாமல் இருக்க ஓர் அறையின் காற்றை நிறுத்துகிறாள். அந்த அறைக்குள் அவளுடைய தம்பி விழித்துக்கொண்டு இருந்தான். அது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? எழுதியவர் சொல்லாமலே கதையை முடித்துவிட்டார். தெரியாது என்பது என் கட்சி. தெரியும் என்பது உன் கட்சி. தேவகி நடுவில் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றுவாள்.

உன்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அவள் நாள்தோறும் அந்த அறையைக் கடக்கும்போது கதவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள், அன்று தட்டவில்லை. அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "அவசரத்தில கை மறக்காது மச்சான். மனசு தடுத்தாத்தான் கை நிக்கும்" என்பாய். அதற்கு மேல் உன்னை அசைக்க முடியாது. நான் உன்னைப் பொய்யன் என்பேன், நீ என்னை ஏமாளி என்பாய். அதன்பிறகு இருவரும் ஒன்றாகவே இறங்கிப்போய் கொத்துரொட்டி தின்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போல் தொடங்கினேன். நீ பிளேன்டீயைப் பார்த்தபடி, "ஓம், அவளுக்குத் தெரியாமலும் இரிந்திரிக்கலாம்" என்றாய்.

தேவகி என்னைப் பார்த்தாள். வென்றவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, என் சட்டைப்பைக்குள் யாரோ கை விட்டதைப் போல இருந்தது. நீ விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து நான் உன்னை வாசிக்கத் தொடங்கினேன். மோட்டார் சைக்கிளை விற்றிருந்தாய், முதுகுவலி என்றாய். அடிக்கடி கொழும்புக்குப் போனாய். தலைமை அலுவலக வேலை என்றாய். மீட்டர் வாசிக்கிறவனுக்குத் தலைமை அலுவலகத்தில் என்ன வேலை? சளி என்று சொல்லி வெயிலிலும் கழுத்தில் துவாய் சுற்றிக்கொண்டு தைலம் மணக்க வந்தாய். இருந்த புத்தகங்களை ஆளுக்கொன்றாகக் கொடுக்கத் தொடங்கினாய். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: நீ எங்களுக்குச் சொல்லாமல் வேலை தேடிக் கட்டாருக்குப் போகப்போகிறாய். படியிறங்கும்போது நேரடியாகவே கேட்டேன். நீ சிரித்தாய். "பாப்பம்" என்றாய். இல்லை என்று நீ சொல்லாததால் அதுதான் உண்மை என்று நான் உறுதி செய்துகொண்டேன்.

இரண்டு கிழமையாக நீ வரவில்லை. எனக்குக் கோபம் ஏறியது. கடையைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். நிஹாரா கதவைத் திறந்தாள். விசா வந்துவிட்டதா, எப்போது பயணம் என்று வாசலிலேயே கேட்டேன்.

"என்ன கட்டார், காக்கா? ஆர் போறது?" என்றாள். அவள் முகத்தில் நடிப்பு இல்லை. முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. அவள் விலகி வழிவிட்டாள்.

நீ உள்ளே பாயில் படுத்திருந்தாய். துவாய் இல்லை. கழுத்தின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நோன்புப் பெருநாளுக்கு முன்பிருந்தே என்றாய். கொழும்பில் மருந்து ஏற்றியும் அது கட்டுப்படவில்லை என்று நிஹாரா பின்னால் நின்று சொன்னாள்.

"எனக்கு ஏன்டா சொல்லல்ல?"

நீ முகட்டைப் பார்த்தபடி சொன்னாய்: "சொன்ன ஆக்களெல்லாம் இப்ப எனக்கு ஓம் ஓம் எண்டுதான் சொல்றாங்க. நான் என்ன சொன்னாலும் சரியாம். நீ ஒருத்தன்தான் என்னப் பொய்யன் எண்டாய். அத ஏன் இழக்கிற?"

நான் விடாமல் கேட்டேன்: "அப்ப நீ மட்டும் ஏன் அண்டைக்கு விட்டுக்குடுத்தாய்?"

"அண்டைக்குக் களைப்பு" என்றாய்.

நான் அதை நம்பவில்லை. களைத்தவன் படியேறி மாடிக்கு வந்திருக்கமாட்டான். ஆனால் உன்னோடு வாதாட அன்று எனக்கும் வாய் வரவில்லை. வாய் வராததை நீ கவனித்தாய். உன் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. பார், நீயும் அவர்களைப் போல ஆகிவிட்டாய் என்பதைப் போல.

ஆகவே மறுநாள் வந்தபோது வேண்டுமென்றே தொடங்கினேன். அந்த மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது, நீ ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்றேன். நிஹாரா என்னை முறைத்தாள். நீயோ தலையணையை முதுகுக்கு வைக்கச் சொன்னாய். அதன் பிறகு வந்த நாட்களிலெல்லாம் அதுதான் நமது நலம் விசாரிப்பு. பிறகு உன் குரல் போனது. கடைசியாக நான் வந்த பின்னேரம், "அவளுக்குத் தெரியாது" என்று உன் காதருகே சொன்னேன். நீ தலையை இடமும் வலமும் அசைத்தாய். எனக்கு மறுப்புச் சொன்னாயா, வலியில் அசைந்தாயா என்று இன்றும் தெரியாது. மறுப்பு என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் அதிகாலை சுபஹு தொழுகைக்குப் பள்ளிவாசலில் நீ மௌத்தாகிப் போனதை அறிவித்தார்கள்.

இப்போது மாடியில் உன்னைப் பற்றித்தான் வாதம் நடக்கிறது. மருத்துவரை விட்டுவிட்டோம். நீயே நோயை மறைத்துக்கொண்டு நின்றபோதுதான், ஒருவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பது உனக்கு விளங்கியிருக்கும் என்கிறாள் தேவகி. மெய்யாகவே மனம் மாறித்தான் நீ விட்டுக்கொடுத்தாய் என்பது அவள் கட்சி. நான் அப்படி நினைக்கவில்லை. போகிறவன் கையில் இருந்த ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தாய் என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் எனக்கு அந்த வெற்றி வேண்டாம். தேவகி விடவில்லை. கட்டார் என்று அவர் உங்களை நம்பவிட்டது உங்களுக்காகவா, தனக்காகவா என்று கேட்டாள். கோபத்தில் அன்று கூட்டத்தை இடையில் முடித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைத்தேன்: நல்ல கேள்வி. நீ இருந்திருந்தால் பக்கத்தை மடித்து வைத்திருப்பாய்.

உன்னிடமிருந்து நான் சுமப்பது ஒரு பயம். யாராவது என்னோடு சட்டென்று உடன்பட்டால் எனக்குத் தாங்குவதில்லை. போன வெள்ளிக்கிழமை வேறொரு நாவலைக் கதைத்துக்கொண்டிருந்தபோது தேவகி, "சரி, நீங்க சொல்றது சரிதான்" என்று கைப்பையை எடுத்தாள். நான் எழுந்து படிவாசலில் நின்றுகொண்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கைப்பையை மேசையில் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இல்ல, நீங்க சொல்றது பிழை" என்று தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.