நெஞ்சுக்குக் கொடுத்த மின்சாரம்

நேற்று மகனோடு வீடியோவில் பேசி முடித்ததும் போன் கையைச் சுட்டது. என்னையறியாமல் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். "என்ன, அதுக்குக் காய்ச்சலா?" என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நீ செய்கிற காரியம், தோழி. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் பழக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் அந்தச் சின்னக் கம்பெனி. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் நாகர்கோவிலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். நீ கரமனை அக்ரஹாரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். நம் இருவர் மேசைக்கும் நடுவில் டிபன் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். மின்சாரம் எட்டாத மலைக் குடியிருப்புகளுக்கு ஒரு நர்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு போய் நோயாளிகளைப் படம்பிடிக்க வேண்டும். அடிவாரத்து சுகாதார நிலையத்துக்கு இறங்கிவந்து, டெலிபோன் லைன் வழியாக நகரத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அந்த லைனில் போக வேண்டுமென்றால் வீடியோ மிகவும் சுருங்கியிருக்க வேண்டும். அது என் பொறுப்பு. பேட்டரி சாயங்காலம்வரை தாங்க வேண்டும். அது உன் பொறுப்பு.

அதனால் தினமும் சண்டைதான். ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டம் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று என் புரோகிராம் தேடும். கிடைத்துவிட்டால் கட்டத்தை மறுபடி எழுத வேண்டாம், நகர்ந்த தூரத்தைக் குறித்தால் போதும். எவ்வளவு தேடுகிறோமோ அவ்வளவு சிறிய வீடியோ, அவ்வளவு சூடும்கூட. நீ கருவியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாய். "உன் தேடல் என் பேட்டரியைக் குடிச்சுத் தீக்கறதுடீ."

"தேடலைக் குறைச்சா ஃபைல் பெருசாயிரும்லா? பாதியிலேயே லைன் கட்டாயிரும்."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதனால்தான் சண்டை முடியவேயில்லை.

பிறகு ஒருநாள் சோதனைக்காக நாமே மலைக்குப் போனோம். நெடுமங்காட்டைத் தாண்டி ஜீப், அப்புறம் நடை. நர்ஸ் சிஸ்டர் முன்னால் போனார். பாதி வீடுகள்கூட முடியவில்லை, பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையைப் படம்பிடிக்கும்போதே கருவி அணைந்துவிட்டது. நான் வெட்கத்தில் முற்றத்துக்கு வந்து நின்றேன். நீ வரவில்லை. எட்டிப் பார்த்தால், அணைந்த கருவியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையையே பார்த்திருந்தாய். அதன் அம்மா உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா," என்று மெல்லக் கூப்பிட்டாய். "பாத்தியா? நெஞ்சு மட்டும்தான் அசையறது. பாய் அசையலை, செவுரு அசையலை, மூஞ்சிகூட அசையலை. இத்தனூண்டு இடம் ஏறி இறங்கறது. உசிரு மொத்தமும் அதுல இருக்குடீ."

உன் கண் நிறைந்திருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாள் முழுக்க அசைவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள், ஒரு மூச்சை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் என் புரோகிராமை உன் திரைக்கு இழுத்துக்கொண்டாய். அசையாத கட்டங்களை அப்படியே விட்டுவிடச் சொன்னாய். அசைகிற கட்டத்துக்கும், பக்கத்துக் கட்டம் எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் முதலில் பார்க்கவேண்டும். நன்றாகப் பொருந்தினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

"இன்னும் தேடினா இதைவிட நல்லதா கிடைக்கும்லா?" என்றேன்.

"மதி," என்றாய். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதே சொல்லுக்கு அறிவு என்று பொருள். அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

"மிச்சம் பிடிச்ச கரண்டையெல்லாம் நெஞ்சுக்குக் குடு. அங்க மட்டும் உன் இஷ்டத்துக்குத் தேடிக்கோ."

ஃபைல் கொஞ்சம் பருத்தது. எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் லைன் தாங்கியது, கருவி வெறும் வெதுவெதுப்பில் நின்றது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியபின் சிஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு தனியாக மலையேறினார். நாம் அடிவாரத்தில் காத்திருந்தோம். நனைந்து இறங்கியவர், பிளாஸ்டிக் உறையிலிருந்து கருவியை எடுத்து நீட்டினார். இன்னும் பேட்டரி மிச்சமிருந்தது. "கடைசி வீட்டுக் குழந்தையை முதல்ல அனுப்புங்கோ," என்றார். "எனக்குச் சந்தேகமா இருக்கு. வீட்டுக்காரங்கதான் வெறும் சளி, டாக்டர் சொன்னா மட்டும் கொண்டு வர்றோம்னு சொல்றாங்க."

ஃபைல் துளித்துளியாகப் போனது. நீ ஃபேனைக்கூட நிறுத்தச் சொன்னாய், அந்தச் சத்தத்தில் லைன் அறுந்துவிடும் என்பதுபோல. பிறகு டாக்டர் கூப்பிட்டார். ரிசீவரில் காதை ஒட்டி மூன்று பேரும் கேட்டோம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, தெளிவாகத் தெரிகிறது, உடனே கொண்டுவாருங்கள் என்றார். சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினார். நீ என் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாய். கடைசியில் ஒரு தகப்பன் சட்டைக்குள் குழந்தையைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். நிமோனியா. பிழைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது நீ குழந்தையைத் தூக்கவில்லை. குனிந்து நெஞ்சையே பார்த்தாய். என்ன பார்க்கிறாய் என்று அதன் அம்மா கேட்டாள். "ஒந்நுமில்லா சேச்சி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அதே யோசனை வேறு நாடுகளில் பலருக்கும் தோன்றியிருந்தது என்று பிற்பாடு ஒரு கட்டுரையில் படித்தேன். நீ ஏமாற்றமடைவாய் என்று பயந்துகொண்டே காட்டினேன். படித்து முடித்து முகம் மலர்ந்தாய். "அவாளும் ஏதோ ஒரு குழந்தையைப் பாத்திருப்பா."

நான் பெங்களூர் வந்தேன், நீ அங்கேயே இருந்தாய். பேச்சு குறைந்தது. நீ இறந்துவிட்டாய் என்று உன் அண்ணன் போன் செய்து சொன்னபோது எனக்கு அழத் தெரியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதெல்லாம் காலையில் நான்தான் முதலில் விழிக்கிறேன். பக்கத்தில் இவர் தூங்கிக்கொண்டிருப்பார். அறையில் வேறெதுவும் அசையாது. போர்வை ஏறுகிறது, ஒரு கணம் நிற்கிறது, இறங்குகிறது. மறுபடி ஏறும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.