இடப்பக்கக் கம்பிகள்

என்னங்க, கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தை வயிற்றிடம் காட்டாதீர்கள்.

"உங்க உடம்புக்கு லாரிச் சக்கரம்தான் மாட்டணும்" என்று நேற்று உங்கள் சைக்கிளில் மறுபடி கம்பி ஒடிந்ததும் சொன்னது தப்புதான். பதினோரு வருடமாகச் சைக்கிள் சக்கரம் கட்டுகிறவள் யோசித்திருக்க வேண்டும். நூற்றுப்பத்து கிலோவுக்கு முப்பத்தாறு கம்பி தாராளம். பாரம் தாங்காவிட்டால் இரண்டு பக்கமும் ஒடியும். மூன்று முறையும் பின்சக்கரத்தின் இடப்பக்கம் மட்டும்தான் ஒடிந்திருக்கிறது. கேரியரில் யாராவது ஒருபக்கமாகக் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தால்தான் அப்படி ஒடியும்.

"நான் யாரையும் ஏத்தலடி" என்றீர்கள். நம்புகிறேன். நம்புவதால்தான் பயமாக இருக்கிறது. கல்குவாரிப் பாதையில் வர ஆரம்பித்த பிறகுதானே இதெல்லாம்? இனிமேல் சுற்றியே வாருங்கள்.

நீங்கள் தூங்கும்போதே நாற்பது கம்பிச் சக்கரம் மாட்டிவிட்டேன். கேரியரைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்கக் கூடத்தில் சும்மா நின்ற வண்டி. ஆனாலும் கேரியர் கைக்குச் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

சாவி ஜன்னலில்.

மறந்துவிட்டேன்: வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காராதீர்கள். செருப்பு மாட்டக் கை ஊன்றினேன், அதுவும் சூடாக இருக்கிறது.