நிக்கலுக்கு எத்தனை தண்ணீர்?

15-7-1997, செவ்வாய்
நாலாவது தடவையும் தோல்வி. மூவுலக ரசாயனத்தையும் என் கொட்டகையிலிருந்து ஆளும் எனக்கு, நூற்றுக்கு எழுபதுதான் சரக்கு; மிச்சம் தார் மாதிரி கசடு. முதலாளி கோதண்டராமன், “இந்த மாசத்துக்குள்ள சரியாவலன்னா மூடிடலாம்யா” என்றார்.

வினையூக்கியில்தான் கோளாறு. நிக்கல் - அலுமினியப் பொடியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அலுமினியம் கரைந்துவிடும். மிஞ்சும் நிக்கலின் ஓட்டைகளில் ஹைட்ரஜன் உட்காரும்; அதுதான் சரக்கை ஆக்கும். காஸ்டிக் துளியும் மிஞ்சாமல், கழுவுகிற ஆள் ஆராயி அதைப் பத்துத் தண்ணீர் கழுவ வேண்டும் — என் சட்டம். பிறகு எங்கேதான் தப்பு?

19-7, சனி
பௌர்ணமி. மலை சுற்ற நாலு கோடிப் பேர் (என் கணக்கு). பஸ் ஓடாதென்று நான் மதியமே கிளம்பிவிட்டேன். கழுவுவது ஆராயி பொறுப்பு.

21-7, திங்கள்
தொண்ணூற்றேழு! ராஜேந்திரன் கங்கை கொண்டான். நான் நிக்கல் கொண்டேன். “இன்னாய்யா பண்ண?” என்றார் முதலாளி. “கலக்கும் வேகத்தை மாத்தினேன்” என்று ஒரு போடு போட்டேன். நான் எதையும் மாற்றவில்லை.

அண்ணன் மகள் மதிவதனி: “சித்தப்பா, நீங்க சொல்றதுல பாதிய கழிச்சாத்தான் நெசம்.” இதில் முழுசையும் கழிக்கணும்டி.

24-7
மறுபடி எழுபது. பத்துத் தண்ணீர், அதே வேகம், அதே சூடு. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சனிக்கிழமை மட்டும் என்னதான் நடந்தது?

25-7
ஆராயியே வந்து அழுதாள். “மூணு தண்ணிதான் சார் கழுவுனேன். வண்டி கெடைக்காதுன்னு ஓடிட்டேன். மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க, தொரத்திடுவாரு.”

அடப்பாவி மனுஷா! மிஞ்சிய காஸ்டிக்தான் கசடு கட்டாமல் தடுத்திருக்கிறது. என் சட்டம்தான் சரக்கைக் கெடுத்திருக்கிறது. சத்தமில்லாமல் மூன்று தண்ணீர் கழுவினால் போதும். நான் மேதையாகவே இருந்துவிடலாம். இருக்கலாம்தானே?

28-7
மூன்று தண்ணீர், தொண்ணூற்றாறு. கழுவும்போது வந்து நின்று எண்ணிய முதலாளி தோளில் தட்டினார். “மூணு தண்ணிதானே? அதுக்கு எதுக்கு தனி ஆளு? ஆராயிய நிறுத்திடு.”

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேனே!

29-7
முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேகம் என்பது புளுகு, கண்டுபிடித்தது ஆராயி — ஒன்று விடாமல். “போய்யா வெளிய” என்றார். கொட்டகையை விட்டா, வேலையை விட்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

9-8
முதலாளி என்னோடு இன்னும் பேசுவதில்லை. உத்தரவெல்லாம் ஆராயி வாய்வழியாக வருகின்றன. இன்று வந்தது உத்தரவில்லை.

“சார், மூணுல இவ்ளோ வருதே. ரெண்டு தண்ணி கழுவிப் பாக்கலாமா?”

பார்ப்போம் என்றேன். ஆராயி குழாயைத் திறக்க, நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.