இருபத்தைந்தில் ஏழாவது கார்டு

நவம்பர் 3

பேசாமல் இருந்தது போதும். கல்லூரி என் வேலையைப் பிடுங்கியபோது பேசவில்லை. விளையாட்டு வீரர்களின் படக் கார்டு சேகரிக்கும் எங்கள் சங்கத்துத் தலைவர் பதவியை கில் ஹாவர்காம்ப் என்னிடமிருந்து தட்டிப் பறித்தபோதும் பேசவில்லை. இனி இந்த நோட்டிலாவது பேசுவேன்.

இன்று கில்லின் கடைக் கண்ணாடிப் பெட்டியில் என் கார்டைப் பார்த்தேன். நம் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் கோல்ட்டன் ரீஸ், முதல் வருடம், அவனே பேனாவால் கையெழுத்துப் போட்டது. மொத்தம் இருபத்தைந்துதான் அச்சிட்டார்கள், இது ஏழாவது. எண் முகப்பிலேயே இருக்கிறது. மேல் வலது முனை மழுங்கியிருந்ததால் மார்ச்சில் கில்லிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு மூன்று கார்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது தரம் போடும் நிறுவனத்தின் முத்திரையோடு பிளாஸ்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேல் '10', பத்துக்குப் பத்து. முனை ஊசி மாதிரி நிற்கிறது.

மழுங்கிய அட்டை திரும்ப வளருமா? முனையைக் கூராக்க விளிம்பை நறுக்கியிருக்கிறான் கில். பத்து போட்ட அந்த நிபுணர்கள் எத்தனை விநாடி பார்த்தார்களோ!

"என்ன வாத்தியாரே, பழைய காதலியைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்றான் கில்.

வாத்தியாராம். வேலை போன மனிதனை அப்படிக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு சுகம்.

நவம்பர் 9, சனி

ஆட்டத்தை கில்லின் கடை டிவியிலேயே பார்த்தோம். ஏழெட்டுப் பேர், வழக்கம்போல் சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரொட்டியும். மூன்றாம் பகுதியில், பந்தை எறியக் கை ஓங்கிய கோல்ட்டன் மேல் இரண்டு தடியன்கள் விழுந்தார்கள். முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது.

பையனை இன்னும் மைதானத்திலிருந்து தூக்கக்கூட இல்லை. அதற்குள் கில் பெட்டியைத் திறந்து விலைச்சீட்டுகளை உரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு முழங்கால் போச்சு, பாதி விலை. இன்னொண்ணும் போனா சும்மாவே அள்ளிக்குங்கடா!"

சிரித்தார்கள். காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் வாயில் ரொட்டி இருந்தது.

நவம்பர் 12

இனி ஆட முடியாதாம். பேப்பரில் நான்கே வரி.

நவம்பர் 20

நான் கடையில் இருந்தபோது கோல்ட்டனின் அப்பா வெர்ன் ரீஸ் வந்தார். தானிய லாரி ஓட்டுகிறவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பது போல் நின்றார்.

"அந்தப் பத்து போட்ட கார்டுதான் வேணும். வேற வேண்டாம்."

"உங்க பையன்கிட்டயே நாலு இருக்குமே, வெர்ன்," என்றான் கில்.

"எல்லாத்தையும் சிநேகிதனுங்களுக்குக் குடுத்துட்டான். கிறிஸ்துமஸுக்கு அவன் கட்டில் பக்கத்துல வைக்கணும். பொழுதன்னைக்கும் சுவத்தையே பாத்துட்டுப் படுத்திருக்கான். யாரோ முகம் தெரியாதவன் உனக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கான் பாருடான்னு காட்டணும்."

அந்தப் பத்து கார்டின் அட்டைக்குத்தான், பையனுக்கில்லை என்று சொல்லியிருக்கலாம். கில் என்னை ஒருமுறை பார்த்தான். நான் பக்கத்து அலமாரியைப் பார்த்தேன். கடைக்குள் நின்று அவன் வியாபாரத்தைக் கெடுப்பது மரியாதையில்லை என்று — சரி, அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பர் 24

தூக்கமில்லாமல் நாலு நாள். வெர்னுக்குப் போன் செய்து, அன்று வாங்கிய கார்டோடு வீட்டுக்கு வரச் சொன்னேன். கூட்டை அவர் காதருகில் வைத்து ஆட்டினேன்.

"கேக்குதா? நறுக்கின கார்டுதான் இப்படி உள்ள ஆடும். உடைச்சு அளந்து பாத்துடலாம்."

"உடைச்சா அந்தப் பத்து போயிடுமா சார்?"

"அது பொய்ப் பத்து, வெர்ன்!"

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியும்," என்றார்.

குறடால் உடைத்தேன். அளந்தேன். இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு நகக்கனம் குறைகிறது. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கத்தினேன். அவர் அளவுகோலைப் பார்க்கவில்லை. மேசையில் சிதறிய பிளாஸ்டிக்கில் '10' இருந்த துண்டைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 25

கார்டை வெர்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய் கில்லின் முன்னால் போட்டேன். அவன் அதைத் தொடக்கூட இல்லை.

"நான் குடுத்தது முத்திரை வெச்ச கார்டு. நீங்க கொண்டுவந்திருக்கறது மொட்டைக் கார்டு. உங்க வீட்டுல கத்திரிக்கோல் இல்லையா வாத்தியாரே?"

கடையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். முத்திரையோடு நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் அவர்களே பிரித்து, அளந்து, அவனை மாட்டிவிட்டிருப்பார்கள். 'என்ன ஆனாலும் கூட்டை உடைக்காதே' — புதிதாகச் சேகரிக்க வருகிற ஒவ்வொருவனுக்கும் நான் சொல்லும் முதல் பாடம். எனக்கே அது எங்கே போயிற்று? என் கையால், என் அளவுகோலால் அவனைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி. மடையன் நான்.

டிசம்பர் 3

சங்கக் கூட்டம். ஜனவரிக் கண்காட்சியில் கார்டு வைத்து விற்க எனக்கு மேசை கிடையாதாம். 'கார்டைச் சேதப்படுத்தியதாகப் புகார் இருப்பதால்.' கை தூக்கியவர்களில் பாதிப் பேருக்குக் கார்டு பார்க்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நன்றி கெட்ட ஜென்மங்கள்.

டிசம்பர் 8

கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெர்ன் லாரிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

"நறுக்கினது போகட்டும் சார். கையெழுத்து அவன்தானே போட்டது. சும்மா ஒரு சட்டத்துல போட்டுக் குடுத்துடறேன். பத்து இல்லாம என்ன சொல்லிக் குடுக்கறதுன்னுதான் தெரியல." பிறகு, கோபமே இல்லாமல்: "ஒண்ணு கேக்கறேன். நான் வாங்கினப்ப நீங்களும் கடையில நின்னீங்களே. அப்பவே ஏன் சொல்லல?"

"அப்ப எனக்குத் தெரியாது, வெர்ன்."

தலையாட்டினார். நம்பினார். அந்த மனுஷன் நம்பிட்டார்!

டிசம்பர் 14

சங்கத்தின் நாற்பத்தொரு பேருக்கும், தரம் போடும் நிறுவனத்துக்கும், வெர்னுக்கும் கடிதம். மூன்று பக்கம். கில்லின் திருட்டு, கடையில் அடித்த அந்த ஜோக், ஜனவரி மேசை, எல்லாம் இருக்கிறது. நல்ல கடிதம். நாலு தடவை படித்துவிட்டேன். நாலு தடவையும் உறையில் போடாமல் மேசையிலேயே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 16

எது தடுக்கிறது என்று தெரியாமலா இருக்கிறது? மார்ச்சில் கில் சொன்னது: "முனையை என்கிட்ட விடுங்க. அது எப்படிச் சரியாச்சுன்னு மட்டும் பின்னால கேக்காதீங்க." நான் சிரித்தேன். மழுங்கிய ஒரு கார்டுக்கு மூன்று நல்ல கார்டுகள்! யாராவது சும்மா கொடுப்பானா? கேட்க வேண்டாம் என்றான், கேட்கவில்லை. பேசாமல் இருந்ததற்குக் கூலி வாங்கிவிட்டு, பேசாமல் இருந்ததையே ஒரு தியாகம் போல எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் நறுக்கியவன் அவன்தான். அதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

டிசம்பர் 17

மூன்று பக்கத்தில் இரண்டைக் கிழித்துப் போட்டேன். என் மேசையும் பதவியும் வெர்னுக்கு எதற்கு? மிச்சத்தில் இதைச் சேர்த்தேன்: 'கார்டை மார்ச்சில் கில்லிடம் கொடுத்தவனுக்கு அது நறுக்கப்படும் என்று தெரியும். ரீஸ் அதை வாங்கும்போது அவன் பக்கத்திலேயே நின்றான். கூட்டை உடைத்ததும் அவனே.'

கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவன் யார் என்று எல்லாருக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வெர்னுக்கும்தான். தெரியட்டும். ஆனால் கில் கடைச் சுவரில் ஒட்டிவைத்துச் சிரிக்க என் பெயரை நானே எழுதிக் கொடுக்க மாட்டேன்.

நாளை காலை தபாலில் போடுகிறேன். கையெழுத்து இல்லாமல்.