எளப்பை அலுப்பென்று எழுதினேன்

பட்டாளத்தாரே,

இன்று காலை பக்கத்து வீட்டில் ஊமத்தை இலையைக் காயவைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறதாம். கசந்த அந்தப் புகை வேலியைத் தாண்டி என் மேசைவரை வந்தது. மகள் சன்னலைச் சாத்த வந்தாள். வேண்டாம் என்றேன். ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், உங்கள் லயத்து வீட்டு வாசலில், இதே வாடையில் நான் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு வந்த கடிதங்களை நான்தான் படித்துச் சொன்னேன். நீங்கள் அனுப்பியவற்றை நான்தான் எழுதினேன். உங்களுக்கென்று நானாக ஒரு வரியும் எழுதியதில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆனபின் எழுதுவது சரியா என்று பலமுறை யோசித்தேன். அந்நாளில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைப் போன்ற ஆபீஸ் கிராணிமார் தொழிலாளியை வேறுவிதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இன்று 'நீங்கள்' என்று எழுத என் கை தயங்கவில்லை. அந்தத் தைரியத்தில் தொடங்கிவிட்டேன்.

அப்போது நான் தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்து, கப்பலேறி வந்து, சிரம்பானில் ஓர் ஆபீசில் பல காலம் ஆங்கிலக் கடிதங்கள் எழுதிவிட்டு வந்தவன். ஆட்களிடம் பேசி வேலை வாங்குவது மண்டோர். நான் பார்ப்பது பெயரேடு. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, உங்கள் முறை வந்ததும் மண்டோரின் குரல் மாறும்.

"பட்டாளத்தாரு வந்துட்டாருடா! எல்லாரும் சலாம் போடுங்க. இன்னைக்காவது மலை ஏறுவாரா, நடுவழியில கூடாரம் அடிச்சிருவாரா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். "டோலி கொண்டாங்க மண்டோரய்யா, ஏறுறேன். தூக்குறது எப்புடின்னு நானே சொல்லித்தாரேன்" என்பீர்கள்.

பெரிய யுத்தத்தில் பஸ்ராப் பக்கம் காயம்பட்டவர்களை டோலியில் தூக்கிய ஆள் நீங்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே மணற்காற்றிலும் குளிரிலும் நெஞ்சு கட்டி, ஆற்றங்கரைக் கூடார ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தது யாருக்கும் தெரியாது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. வேலைக்கு உதவாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பத் துரை ஒரு பட்டியல் கேட்டார். மண்டோர் கொடுத்த பெயர்களில் உங்களுடையது முதலாவது. எதிரே 'சோம்பேறி' என்றிருந்தது. அதை ஆங்கிலத்தில் பிரதி எடுத்தவன் நான்.

மறுநாள் நீங்கள் ஆபீஸ் சன்னலுக்கு வெளியே வந்து நின்றீர்கள். துணியில் சுற்றிய பட்டாளத்துக் காகிதத்தைக் கம்பி வழியே நீட்டினீர்கள்.

"பென்சனுக்கு ஒரு மனு எழுதணுமுங்க. பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். சண்டையில வந்த சீக்குன்னு ஒரு காயிதம் வேணும். அதத் துரைகிட்டக் காட்டுனா பேர அடிச்சிருவாரு. ஊர்ல எனக்கு யாருங்க இருக்கா? பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் இங்கதான்."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன்: "சரி, உனக்கு என்ன வருத்தம்?"

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா. எளப்புதான்."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். உங்களுக்கு அது மனக்கவலை என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எளப்பு என்பது இளைப்பு, இளைப்பாறுதல் என்று பள்ளியில் படித்த சொல், ஆகவே அலுப்பு. நோய் ஒன்றுமில்லை, அலுப்புத்தான் என்று இந்த மனிதரே சொல்கிறார், இதற்கு எதற்குப் பென்சன் என்று எண்ணிக்கொண்டேன். திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. யுத்த சேவைக்குப் பின் இவருக்குத் தீராத அலுப்பு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கையெழுத்து மட்டும் மிக அழகாக அமைந்தது. துரையும் ஒப்பமிட்டார்; பதில் வரும்வரை உங்கள் பெயரை நிறுத்திவைத்தார். மனு சென்னையிலிருந்த பட்டாள அலுவலகத்துக்குப் போயிற்று.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. உழைப்பவர்களுக்கு அலுப்பு வருவது இயல்பு, அது நோயாகாது, மனு தள்ளப்பட்டது. சன்னல் வழியே படித்துச் சொன்னேன்.

"நான் எப்பங்க அலுத்துக்கிட்டேன்?" என்றீர்கள்.

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள், வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று. நான் எழுந்து கதவைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். கால் மணி நேரம் போனபின், "இதாங்க... எளப்பு" என்றீர்கள்.

என் தகப்பனாருக்கு இருந்ததும் இதுவேதான். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் அதற்குத் தொய்வு என்று பெயர்.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. பட்டாளத்தார் மனுவை அலுவலகம் தள்ளிவிட்டது என்று விட்டுவிட்டால் என் பிழை யாருக்கும் தெரியப்போவதில்லை. துரையிடம் சொன்னால் என் வேலை போகலாம். சொல்வதற்கும் சொல்லாததற்கும் உள்ள காரணங்களை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். சொல்லாததற்கான பத்திதான் நீளமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே லயத்துக்கு நடந்தேன்.

நீங்கள் உள்ளே ஊமத்தைப் புகையை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மனைவி அஞ்சலை வாசலில் நின்றார்.

"பிழை என்னிலதான்" என்று தொடங்கினேன். "எங்கட ஊரில இதைத் தொய்வு எண்டு சொல்லுவினம். எளப்பு எண்டா அலுப்பு எண்டு நினைச்சு எழுதிப்போட்டன்."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெஞ்சு கிழியக் கிழிய இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. அலுப்புன்னு எழுதுனீங்களாக்கும்! மண்டோரு வாயால சொன்னத நீங்க காயிதத்துல சொல்லிட்டீங்க."

இதைவிடச் சரியாக யாரும் என்னைத் திட்டியதில்லை. நீங்களோ சிரித்தீர்கள், சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பானது.

"விடு புள்ள. தப்பா எழுதுன கைதான் சரியாவும் எழுதணும். அய்யாவுக்கு ஒரு பலகை எடுத்துப் போடு."

அந்தப் பலகையில் மத்தியானம்வரை உட்கார்ந்தேன். நான் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள். விடியற்காலையில் எப்படி, மலை ஏறினால் எப்படி, மழைக்கு எப்படி. "நெஞ்சு மேல ஒரு ஆளு குந்திக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குறாங்கய்யா. பஸ்ராவுல ஏறி உக்காந்தவன்" என்றீர்கள். அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

மறுநாள் துரையின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கள் இருவரும் பேசுவது ஒரே தமிழ்தானே?" என்றார்.

"ஆம் துரை, அதனால்தான் பிழை வந்தது. வேறு பாஷையாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன்."

அவர் பட்டியலை எடுத்து, உங்கள் பெயரை மறுபடியும் நிறுத்திவைத்தார். பிறகு, தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வரும் டாக்டரிடம் உங்களைக் காட்டச் சொன்னார். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டு, நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார். இரண்டாவது மனுவில், ஆங்கில வரிகளுக்கு நடுவே எளப்பு என்று தமிழிலேயே எழுதி, அது இன்னதென்று கீழே விளக்கினேன். முதல் மனுவின் பிழை எழுதியவனுடையது என்றும் எழுதினேன். நெஞ்சின்மேல் குந்திய ஆளையும் விடவில்லை.

சென்னையிலிருந்து கேள்விகள் வந்தன. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கூடாரம்? "எட்டாவது கூடாரமுங்க. எதுத்தாப்புல தலை முறிஞ்ச ஒரு பேரீச்ச மரம்" என்றீர்கள். மரத்தை அவர்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன், எதை விட்டால் எது கெடும் என்று எனக்கு அப்போது பயமாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் சென்று வந்தது அந்தக் கடிதம். இம்முறை சன்னல் வழியே படிக்கவில்லை. பெரட்டுக் களத்துக்கு எடுத்து வந்து படித்தேன். இந்த நோய் யுத்த சேவையில் உண்டானதென்று ஏற்கப்படுகிறது.

"அந்த வரிய மட்டும் இன்னொருக்கா படிங்கய்யா."

மூன்று முறை படித்தேன். "இதுல சீக்கு எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். அந்தச் சொல்லைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தீர்கள், எடுக்கவில்லை. பென்சன் உண்டா என்று அஞ்சலைதான் கேட்டார். உண்டு, சின்னதுதான் என்றேன். துரை பட்டியலில் உங்கள் பெயரை அடித்தார். நாற்றங்கால் காவலுக்கு மாற்றினார். மறுநாள் மண்டோர், "இனிமே நெசமாவே சலாம் போடணும் போலருக்கே" என்றார். "போடுங்க, நான் வேணாம்னா சொன்னேன்?" என்றீர்கள்.

எளப்பு உங்களை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாலு வருஷம் அதை யாரும் வேறு பெயரில் கூப்பிடவில்லை. மூத்த மகளைப் பக்கத்து ஊரான சுவாவில் கட்டிக்கொடுத்தீர்கள். பேரன் ஒருவனைத் தோளில் வைத்துக்கொண்டு நாற்றங்காலைச் சுற்றினீர்கள். கடைசியில் உங்கள் லயத்தில், உங்கள் மனிதர்களுக்கு நடுவில்தான் போனீர்கள்.

நான் ஓய்வு பெற்று, சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் இருக்கிறேன். மனு எழுதிக்கொள்ள இன்னும் சிலர் தேடி வருகிறார்கள். போன வாரம் ஒரு பெண் வந்தார். கணவரைத் தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

"அவருக்கு மயக்கமுங்க."

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். "மயக்கம் எண்டா எப்பிடி, அம்மா?"

"மயக்கந்தாங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ."

ஐம்பது வயதுவரை எந்த ஆபீசிலும் நான் சொல்லாத வார்த்தை அது. இப்போது கூச்சமில்லாமல் வருகிறது. அந்தப் பெண் என் நரைத்த தலையையும் மேசைமீதிருந்த காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் மைக்கூட்டைத் திறந்தேன்.