மணம் தெரிந்தும் வந்த தொற்று

2022 ஜனவரி, செவ்வாய் இரவு.

கொரோனா வந்ததிலிருந்து எங்கள் ஏலக்காய்க் கடை வாசலில் ஒரு வழக்கம். ஒரு காயை நசுக்கி முகர வேண்டும். மணம் தெரிந்தால்தான் உள்ளே வேலை. இன்று எனக்கு மணம் நன்றாகத் தெரிந்தது. தொண்டைதான் எரிந்தது.

"ரெண்டு ஊசியும் போட்டாச்சு, மணமும் வருது. வெரசா உள்ள போ ஆத்தா," என்றார் முதலாளி.

"இல்லண்ணே, இப்ப வந்திருக்கது வேற மாதிரியாம். ஊசி போட்டவுகளுக்கும் வருதாம், மூக்க விட்டுட்டுத் தொண்டையப் புடிக்குதாம். டெஸ்ட் எடுத்துட்டு வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் ரஹிமா, ஏழு மாதக் கர்ப்பிணி. என் தோளோடு தோள் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. தொற்று இருக்கிறது. போனில் முதலாளியிடம் சொன்னேன். "நாளைக்கு எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துருவோம்த்தா," என்றார்.

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் ரஹிமா பக்கத்தில் இன்று காலியாகக் கிடந்த என் இடத்தை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த நல்ல வேலை அதுதான்.